‘ன்னு’ இல்லாத வாக்கியம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷம் அப்பர் தைத்தேன். ஷூவின் மேல்பாகத்தைத்தான் அப்பர் என்போம். எங்கள் லைனை மூடியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அடுத்த கம்பெனி வாசலில் போய் நின்றேன். கண் தெரிகிறதா என்று பார்க்க ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னார்கள். கோர்த்துக் காட்டினேன். கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை கிடைத்ததால் வேலூருக்குக் குடிவந்தோம். ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும், தெருக்களைப் பழகிக்கொள்ளலாம் என்று ஆப்பில் பதிவு செய்து, ஓட்டல் சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் சேர்ந்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டாம், பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கை தூக்க வேண்டாம். போக பாத்ரூமே இல்லை என்பது இரண்டாவது வாரத்தில்தான் உறைத்தது.

பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகள்தான் என் பகுதி. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்குவார்கள். ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் ஒரு வங்காளப் பெண், நோயாளியான கணவனோடு இருந்தாள். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் நான்தான் கொண்டுபோவேன். குழைந்த சாதம், உப்பு கம்மியாகப் பருப்பு. ஆம்பூரில் பாய் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். என் உருதுவும் அவளுடைய இந்தியும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். என்னை ‘தீதீ’ என்பாள், அவர்கள் பாஷையில் அக்கா. கதவைத் திறந்ததும் பையை வாங்காமல் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவாள்.

அந்த நாட்களில் டிவியில் எங்களைப் பற்றி விவாதம் நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் தொழிலாளிகளா, கம்பெனியின் பங்காளிகளா என்பதுதான் கேள்வி. நினைத்தபோது வேலை, நினைத்தபோது ஓய்வு, இதைவிட சுதந்திரம் ஏது என்றார் ஒருவர். இது நவீனக் கொத்தடிமைத்தனம் என்றார் இன்னொருவர். அங்கே உட்கார்ந்திருந்த யாரும் வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் இல்லை.

என்னோடு ஓட்டுகிறவர்களில் ஆம்பூர்க்காரர் ஒருவர் உண்டு. அதே ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தவர், என்னைவிட நான்கைந்து வயது சிறியவர், என்னை அக்கா என்பார். எங்கள் வாட்ஸ்அப் குழுவை நடத்தியது அவர்தான். ஒரு நாள் குழுவில் ஒருவருடைய ஐடியை ஆப் முடக்கிவிட்டது. ஐடி போனால் வேலை போயிற்று. காரணம் கேட்க ஆள் கிடையாது. டைப் செய்து கேட்டால், வருந்துகிறோம், பரிசீலிக்கிறோம் என்று மெஷின் பதில் எழுதும். ஆம்பூர்க்காரர் ஒரு மனு எழுதினார். ஐடியை முடக்கும்முன் ஒரு மனுஷன் எங்கள் பேச்சைக் கேட்க வேண்டும், ஒதுங்க நிழலும் ஒரு கழிப்பறையும் வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். முப்பது பேருக்கு மேல் போனோம். பெண் நான் ஒருத்திதான்.

அதனாலேயே மைக்குகள் என் பக்கம் வந்தன. உள்ளூர் யூட்யூப் சேனல் நடத்தும் ஒரு வாலிபன், "அக்கா, நீங்க பேசுங்க. லேடீஸ் பேசுனா ரீச் ஜாஸ்தி" என்றான்.

பேசினேன். நாலைந்து நிமிஷம் இருக்கும். பயமில்லை. ஷூ கம்பெனியில் திட்டுகிறவன் முகமாவது தெரியும், இங்கே முகமே இல்லை என்றேன். லாட்ஜுகளில் எங்களை லிஃப்டில் ஏறவிடுவதில்லை என்றேன். பிறகு இதைச் சொன்னேன். அதை அப்படியே எழுதுகிறேன்:

"ஒரு ஆளு என்னை மடக்கி, ‘இந்த வடநாட்டுக்காரங்களால ஊரே நாசமா போச்சு, இவங்களுக்கு எதுக்கு சோறு தூக்கினு போவணும்’ன்னு கேக்கறாரு. நான் சொன்னேன், நோய்க்கு ஏதுங்க ஊரு, பசிக்கு ஏதுங்க பாஷை."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்த வாலிபனும் தட்டினான். மனுவைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரம் தொடங்கும்முன் வேலைக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் என் வீட்டுக்காரர் டேனரியிலிருந்து மத்தியானமே போன் செய்தார். வேலை நேரத்தில் அவர் பேசவே மாட்டார்.

"இன்னா பேசி வெச்சிருக்கே நீ?"

"இன்னா பேசினேன்?"

"வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், பாரு."

என் முகம்தான். என் குரல்தான். ஆறேழு நொடி இருக்கும். "இந்த வடநாட்டுக்காரங்களால ஊரே நாசமா போச்சு, இவங்களுக்கு எதுக்கு சோறு தூக்கினு போவணும்." அங்கே முடிந்துவிட்டது.

முன்னால் இருந்த ‘ஒரு ஆளு என்னை மடக்கி’யும் இல்லை, பின்னால் இருந்த ‘ன்னு’வும் இல்லை. அடுத்தவர் பேச்சை நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டு போகலாம். அது நம் பேச்சு இல்லை என்று காட்ட, கடைசியில் ஒரு ‘ன்னு’ சேர்த்தால் போதும். அதை யாரோ கத்தரித்துவிட்டார்கள். ஷூ தைத்தபோது நான் ஒருநாளும் நூலை அவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை. வெட்டிய இடம் தெரியவே இல்லை.

சாயங்காலத்துக்குள் அது எங்கெல்லாமோ போய்விட்டது. ஒரு கூட்டம் என்னை வீரத் தமிழச்சி என்றது. நான்கு தலைமுறையாக என் வீட்டில் யாரும் கேட்டிராத பட்டம். இன்னொரு கூட்டம், நோயாளிகளுக்குச் சோறு போடமாட்டேன் என்கிற ராட்சசி, இவளைக் கைது செய் என்றது. இந்தியிலும் வங்காள மொழியிலும் கீழே எழுத்து ஓடவிட்டு அனுப்பினார்கள். நான் ஆப் கம்பெனியின் டீ-ஷர்ட்டில் இருந்தது வசதியாகப் போயிற்று. இப்படிப்பட்டவளையா வேலைக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஆயிரம் பேர் கம்பெனியைக் கேட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் ஆப்பைத் திறந்தேன். உங்கள் கணக்கு தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது என்று வந்தது. எதற்காக மனு கொடுத்தோமோ அதுவே எனக்கு நடந்தது. ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று டைப் செய்தேன். வருந்துகிறோம், பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. திரும்ப டைப் செய்தேன். ஒரு எழுத்துகூட மாறாமல் அதே பதில்.

சேனல் வாலிபனைத் தேடி காட்பாடிக்குப் போனேன். ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டான்.

"சத்தியமா நான் கட் பண்ணலக்கா. முழு வீடியோ என் சேனல்லியே இருக்கு, பாருங்க."

இருந்தது. பார்த்தவர்கள் சொற்பம்.

"அப்ப இத போட்டு, இதான் நெசம்னு சொல்லுப்பா."

"சொன்னேங்க்கா. லிங்க் போட்டேன். யாரும் அமுக்க மாட்டேன்றாங்க. அஞ்சு நிமிசம் யாருக்கா பாக்கறாங்க?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "லைவ் டிபேட் ஒண்ணு கேக்கறாங்க. ரெண்டு கட்சி ஆளுங்க வர்றாங்க. நீங்களே வந்து சொல்லிடுங்க. ஒரே அடியில முடிஞ்சிடும்."

நம்பினேன். அன்று சாயங்காலம் படுக்கையறைச் சுவரை ஒட்டி ஸ்டூலில் போனை நிறுத்தி உட்கார்ந்தேன். விசில் சத்தம் வரக்கூடாது என்று என் வீட்டுக்காரர் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, கதவோரம் நின்றார். திரையில் நான்கு கட்டங்கள். நடத்துகிறவர், இரண்டு கட்சிக்காரர்கள், நான். என் மைக்கை அவர்களே மூடி வைத்திருந்தார்கள்.

முதல் கட்சிக்காரர் எனக்காகப் பேசினார். "இந்தச் சகோதரியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தொழிலாளிக்குத் தன் மண்ணில் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா?" நான் சொல்லாததைச் சொல்ல எனக்கு உரிமை வாங்கித் தந்துகொண்டிருந்தார். இரண்டாவது ஆள், "இது கருத்துச் சுதந்திரம் இல்லை, வெறுப்புப் பேச்சு. நோயாளிகளை விரட்டுகிற பேச்சு" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. அப்படிப் பேசினால் வெறுப்புதான். நான் தலையாட்டினேன். என் கட்டத்தில் நான் தலையாட்டியதை, அப்படிப் பேசியதை நான் ஒத்துக்கொண்டதாகக் காட்டி, "பாருங்கள், அவரே ஒப்புக்கொள்கிறார்" என்றார்.

கடைசியில் என் மைக்கைத் திறந்தார்கள்.

"சார், அது நான் சொன்னது இல்ல. இன்னொருத்தர் சொன்னத நான் சொன்னேன். ‘ன்னு’ன்னு ஒண்ணு இருந்துச்சு சார், அத..."

"அம்மா, நேரமில்லை" என்று நடத்துகிறவர் குறுக்கிட்டார். "அப்படியென்றால், இப்படி மாற்றிச் சொல்லும்படி நீங்கள் மிரட்டப்படுகிறீர்களா? ஆமாவா, இல்லையா?"

"யாரும் மிரட்டல, ஆனா..."

"நன்றி அம்மா."

கட்டம் இருண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் போய்க் குக்கரை மறுபடி அடுப்பில் ஏற்றினார். பிறகுதான் அவருடைய கஷ்டத்தைச் சொன்னார். டேனரியில் தோல் ஊறிச் சுழலும் டிரம் பக்கத்தில் அவரோடு நிற்கிறவர்களில் பாதிப்பேர் பீகார்க்காரர்கள். ஒரே தட்டில் பகோடா தின்கிறவர்கள். "இன்னைக்கு டீக்கு யாரும் என்னைக் கூப்பிடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்த வங்காளப் பெண் அந்த வீடியோவைப் பார்த்திருப்பாளா என்ற கேள்வி என்னை உள்ளே அரித்தது. ஊரெல்லாம் என்ன நினைத்தாலும், அவளுக்காவது முழுதும் தெரிய வேண்டும். மறுநாள் முற்பகல் லாட்ஜுக்குப் போனேன். பை இல்லை, டீ-ஷர்ட் இல்லை, புடவையில் போனேன். மேனேஜர் கண்ணாடிக் கதவிலேயே கை நீட்டித் தடுத்தார்.

"நீ உள்ள வராதம்மா. பேஷண்ட்டுங்க பயப்படறாங்க. ரெண்டு ரூம் காலி பண்ணிட்டாங்க."

"நான் இன்னா, பயப்படற மாதிரி ஆளா சார்? ரெண்டு வருஷமா பாக்கறீங்களே."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே."

அவள் மருந்துக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு என்னைத் தாண்டப் பார்த்தாள். நான் வழியை மறிக்கவில்லை. "தீதீ" என்று மட்டும் கூப்பிட்டேன். அவள் என்னைக் கூப்பிடும் சொல்லைத் திருப்பி அவளுக்கே சொன்னேன்.

லாட்ஜுக்குப் பக்கத்தில் மூடியிருந்த கடையின் படியில் உட்கார்ந்தோம். முழு வீடியோவையும் காட்டினேன். கண் கொட்டாமல் பார்த்தாள். தமிழ் அவளுக்குப் புரியாது. முழுதும் ஓடினாலும் ஆறு நொடி ஓடினாலும் அவளுக்கு ஒன்றுதான். என் பாய்வீட்டு உருதுவில் விளக்கினேன். உங்கள் பேச்சில் ‘அவன் சொன்னான்’ என்பது முன்னால் வரும், எங்கள் பேச்சில் கடைசியிலும் ஒன்று வரும், அதை வெட்டிவிட்டார்கள் என்றேன். கையால் காற்றில் வாலை வெட்டுவதுபோல் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள்.

"நம்புகிறேன்" என்றாள். "நீ சாப்பாடு கொடுக்கும்போது முகத்தைப் பார்த்திருக்கிறேன்."

அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வார்த்தை எனக்கு ஆசையைக் கிளப்பிவிட்டது. போனை எடுத்தேன். "இதையே என் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். ஒரு நிமிஷம் போதும். நீங்கள் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள்" என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். என் கை போனோடு நீட்டியபடி இருந்தது. மெதுவாகச் சொன்னாள். ஊரில் அவளுடைய தம்பி இந்த வீடியோவைப் போட்டு என்னைப் பற்றிக் கேவலமாக எழுதியிருக்கிறான். இவள் என் பக்கம் நின்றால், வேலூரில் காசு வாங்கிக்கொண்டு பேசினாள் என்பார்கள். கணவனுக்கு இன்னும் வைத்தியம் முடியவில்லை. இந்தத் தெருவில் யாருக்கும் தன் முகம் தெரியக்கூடாது. "என் முகம் வேண்டாம், தீதீ."

சரி என்று போனை இடுப்பில் சொருகிக்கொண்டேன். என் முகத்தை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள் என்று புலம்பியவள், அவள் முகத்தைக் கேட்டு நின்றேனே என்று வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேனேஜர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, என் பக்கம் பார்க்காமல் சாத்தினார்.

ஆம்பூர்க்காரர் சும்மா இருக்கவில்லை. கம்பெனியின் உள்ளூர் பொறுப்பாளரைப் பிடித்துப் பேசி ஒரு வழி கொண்டுவந்தார். நான் மன்னிப்பு வீடியோ ஒன்று அனுப்பினால் ஐடியைத் திறப்பார்களாம். படிக்க வேண்டியதையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ‘நான் பேசியது தவறு. யார் மனதையும் புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன்.’

"‘நான் பேசியதாகச் சொல்லப்படுவது’ன்னு போட்டுக்கலாமா, கேளேன்" என்றேன்.

அவர் எங்கள் வீட்டு வாசலிலிருந்தே போன் செய்து கேட்டார். அந்தப் பக்கம் நீளமாகப் பேசினார்கள். இவர் "சரிங்க, சரிங்க" என்றார். போனை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்க்க முடியாமல் நின்றார்.

"ஒரு வார்த்தை மாத்தக்கூடாதாம்க்கா. என்னை பேஜார் பண்ணாதீங்கன்றாரு. நான்தான் உங்கள அன்னைக்கு கூட்டினு போனேன். என்னாலதான்."

"நீ இன்னா செய்வே. நானாதான வந்தேன்."

என் வீட்டுக்காரர் சொன்னார்: "சாரின்றது இன்னா பாறாங்கல்லா, தலை மேல விழறதுக்கு? சொல்லிட்டு வேலையப் பாரு." சொல்லிவிட்டு அவரே போனைப் பிடித்தார். முதல் தடவை படம் ஆடிவிட்டது. இரண்டாவது தடவை எனக்கு ‘நான் பேசியது’ என்ற இடத்தில் நாக்கு சிக்கியது. மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு மிக்ஸி. நான்காவது தடவை சொல்லி முடித்தேன். சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போது, செய்ததையும் செய்யாமல் விட்டதையும் அறிக்கையிடுகிறோம் என்போம். செய்யாததைச் செய்தேன் என்று அறிக்கையிடுவது எனக்கு அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் ஐடி திறந்தது. அந்த மன்னிப்பு வீடியோவும் வெளியே வந்துவிட்டது. எப்படி என்று தெரியவில்லை. வீரத் தமிழச்சி என்றவர்கள் விலைபோனவள் என்றார்கள். ராட்சசி என்றவர்கள், பாருங்கள், அவளே ஒத்துக்கொண்டாள் என்றார்கள். இனிமேல் முழு வீடியோவை யாரிடம் காட்டினாலும், பிறகு ஏன் மன்னிப்புக் கேட்டாய் என்பார்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னால் ஐடி மறுபடி போய்விடும். குழுவில் மறுபடி ஒரு மனு தயாரானது. நான் கையெழுத்துப் போட்டேன். போட்டோவில் நிற்கவில்லை.

இந்த வேலையே வேண்டாம் என்று தோன்றியது. ஆம்பூரில் ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகப் பழைய தோழி சொன்னாள். லீவு போட ஒருவரிடமும் கேட்க வேண்டாமே, ஆப்பை மூடிவைத்துவிட்டு பஸ் ஏறினேன். மெஷினில் உட்காரவைத்து ஒரு அப்பர் தைக்கக் கொடுத்தார்கள். கை மறக்கவில்லை. தையல் நூல் பிடித்தாற்போல் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லி ஆபீஸுக்கு அனுப்பினார்.

ஆபீஸில் இருந்த அம்மா மரியாதையான பெண். என் ஆதார் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"அந்த வீடியோல வந்தது நீங்கதானே?"

"ஆமாங்க மேடம். ஆனா அதுல..."

"தப்பா நெனைக்காதீங்க. எங்க ஹாஸ்டல்ல ஒரிசா பொண்ணுங்க, ஜார்க்கண்ட் பொண்ணுங்க நிறைய இருக்காங்க. லைன்ல பக்கத்துல பக்கத்துல உக்காரணும். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

நியாயமான பேச்சு. அந்தப் பெண்கள் தரப்பிலிருந்து பார்த்தால் நானும் அதைத்தான் சொல்வேன். முழு வீடியோவைக் காட்டட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. எத்தனை நிமிஷம் என்று கேட்பார். அட்டையை வாங்கிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றபோது என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"தையல் நல்லா இருக்குதாம்."

"அப்ப எடுத்துப்பாங்களா?"

பக்கத்து சீட்டில் ஒரு ஆள் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"வீட்டுக்கு வந்து சொல்றேன்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது இரண்டு மணி. நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட் கையை வைக்க முடியாத அளவு கொதித்தது. டிக்கியிலிருந்து டீ-ஷர்ட்டை எடுத்துச் சுடிதார் மேல் மாட்டிக்கொண்டு ஆப்பைத் திறந்தேன். உடனே ஒரு ஆர்டர் வந்தது. ‘ஏற்கவும்’ என்பதை அழுத்தினேன்.